‘நமக்கேன் வம்பு’ திருச்சபையின் போதனை அல்ல

கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்க் கத்தோலிக்கரிடையே ஒரு கருத்து கேள்வியே இல்லாமல் ஏற்கப்பட்டுவிட்டது. ஆள்வது அரசின் வேலை, செபிப்பது நம் வேலை. சிறுபான்மையாக இருக்கும் நாம் வம்பை விலைக்கு வாங்கக் கூடாது. அரசு நம் வழிபாட்டிலேயே கைவைத்தாலும் பொறுத்துப் போவதுதான் விவேகம். பங்குப் பேரவைக் கூட்டங்களிலும் அன்பியங்களிலும் ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கும்போதும் இதைக் கேட்கலாம். இதற்கு வேத ஆதாரமும் காட்டுவார்கள். சீசருக்குரியதைச் சீசரிடம் கொடுக்கச் சொன்னவர் இயேசுதானே என்பார்கள். திருச்சபை வரலாறு கொஞ்சம் படித்தவர்கள் ஒரு படி மேலே போய், ஐந்தாம் நூற்றாண்டுத் திருத்தந்தை முதலாம் ஜெலாசியுசையும் சாட்சிக்கு அழைப்பார்கள். சமய அதிகாரமும் அரச அதிகாரமும் தனித்தனி என்று அவரே சொல்லிவிட்டபோது, குருவானவர் எதற்காக நீதிமன்றப் படியேற வேண்டும் என்று கேட்பார்கள்.

இப்படிப் பேசுகிறவர்களை நான் கோழைகள் என்று சொல்ல மாட்டேன். தோட்டத்தில் துரைக்கும் கிராணிக்கும் அஞ்சி வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் நாம். நீல அடையாள அட்டைக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய குடும்பங்கள் நம் பங்குகளில் உண்டு. 1969 மே 13 இனக் கலவரத்தைக் கண்ணால் கண்ட பெரியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய எச்சரிக்கை பட்ட பாட்டில் விளைந்தது. ஆனால் அச்சத்துக்குக் காரணம் இருப்பது வேறு, அச்சத்தையே போதனையாக்குவது வேறு. வாய் திறக்காதே என்பதை நற்செய்தியின் பெயரால் அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்கிறோம். அந்தப் போதனை நற்செய்தியில் இல்லை. ஜெலாசியுசிடம் அறவே இல்லை.

ஜெலாசியுஸ் 492-இல் பொறுப்பேற்று 496-இல் இறந்தவர், ஆப்பிரிக்க வம்சாவளியினர். அவர் பதவிக்கு வந்தபோது உரோமைக்கும் கான்ஸ்டான்டிநோபிளுக்கும் இடையே திருச்சபை உறவு அறுந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வேர் 482-இல் பேரரசர் சீனோ பிறப்பித்த ஒற்றுமை ஆணை. கிறிஸ்துவின் இயல்புகளைப் பற்றி 451-இல் கால்செதோன் பொதுச்சங்கம் எடுத்த முடிவை ஏற்றவர்களும் மறுத்தவர்களும் எகிப்திலும் சிரியாவிலும் மோதிக்கொண்டிருந்தார்கள். பேரரசு உடைந்துவிடக் கூடாது என்ற கவலையில், சிக்கலான இடத்தைத் தொடாமல் ஒரு விசுவாச அறிக்கையை எழுதி, எல்லாரும் இதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார் சீனோ. நோக்கம் அமைதிதான். ஆனால் எது விசுவாசம் என்று வரையறுக்கும் வேலையை ஓர் அரசாணை எடுத்துக்கொண்டது. உரோமை அதை ஏற்க மறுத்தது.

சீனோவுக்குப் பின் வந்த பேரரசர் அனஸ்தாசியுசுக்கு 494-இல் ஜெலாசியுஸ் எழுதிய கடிதம்தான், திருச்சபைக்கும் அரசுக்குமான உறவைப் பற்றி மேற்கு உலகம் அடுத்த ஆயிரம் ஆண்டுகள் பேசிய பேச்சுக்கு அடிப்படை. அதன் சாரம் இது: உலகை ஆள்பவை இரண்டு. ஒன்று ஆயர்களின் புனித அதிகாரம், மற்றொன்று அரசரின் ஆட்சி அதிகாரம். பொது ஒழுங்கைப் பொறுத்தவரை, ஆட்சி இறைவனால் அரசருக்குத் தரப்பட்டது என்று அறிந்து ஆயர்களும் அவருடைய சட்டங்களுக்குக் கீழ்ப்படிகிறார்கள். அதேபோல இறைப்பணிக்குரியவற்றில் அரசர் ஆயர்களுக்குச் செவிசாய்க்கக் கடமைப்பட்டவர். இன்னொரு நூலில் ஜெலாசியுஸ் காரணத்தையும் சொல்கிறார். மெல்கிசெதேக்கைப் போல முற்காலத்தில் ஒருவரே அரசராகவும் குருவாகவும் இருந்ததுண்டு. மனிதரின் பலவீனத்தை அறிந்த கிறிஸ்து அந்த இரண்டு பணிகளையும் பிரித்துவைத்தார். இரண்டும் ஒரே கையில் சேர்ந்தால் எவருக்கும் தலைக்கனம் ஏறும் என்பது அவருடைய வாதம்.

அவரவர் வேலையை அவரவர் பார்க்கட்டும் என்று இதைச் சுருக்குகிறவர்கள், அந்தக் கடிதம் யாருக்கு, எதற்காக எழுதப்பட்டது என்பதை விட்டுவிடுகிறார்கள். எல்லை மீறிய ஓர் அரசுக்கு, நீ எல்லை மீறிவிட்டாய் என்று நேருக்கு நேர் சொன்ன கடிதம் அது. இரண்டு வயலுக்கு நடுவே வரப்பு இருக்கிறது என்றால், அடுத்தவன் அதை வெட்டித் தன் பக்கம் சேர்க்கும்போது கேட்டாக வேண்டும். கேட்காமல் இருந்துவிட்டு, வரப்பை நான் மதிக்கிறேன் என்று சொல்வதில் பொருள் இல்லை.

இன்னொன்றும் நமக்கு முக்கியம். ஜெலாசியுஸ் ஒரு கத்தோலிக்க மன்னனின் நிழலில் இருந்து இதை எழுதவில்லை. 493 முதல் இத்தாலியை ஆண்டவர் கிழக்கு கோத்தியரின் தலைவர் தியோடோரிக். கிறிஸ்துவின் இறைத்தன்மையை முழுமையாக ஏற்காத ஆரியுசின் கொள்கையைப் பின்பற்றியவர். வேற்றுச் சமயக் கொள்கை உடைய அந்த அரசரின் சட்டத்துக்குட்பட்டு ஜெலாசியுஸ் வாழ்ந்தார், அவரோடு இணக்கமாக நடந்துகொண்டார், ஏழைகளுக்கு உதவி வேண்டி அரசரின் தாய்க்குக் கடிதம் எழுதினார். ஆள்பவர் நம் சமயத்தவர் அல்லர் என்பது கீழ்ப்படியாமைக்கும் காரணமாகாது, மௌனத்துக்கும் காரணமாகாது என்பதை அவருடைய வாழ்க்கையே காட்டுகிறது. மலேசியாவில் இருக்கும் நமக்கு இதைவிட நெருக்கமான முன்மாதிரி வேண்டுமா?

இனி நம் ஊருக்கு வருவோம். கோலாலம்பூர் உயர்மறைமாவட்டத்தின் வார இதழ் ஹெரால்ட் ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என நான்கு மொழிகளில் வந்தது. 1984-ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றே நடந்தது. மலாய்ப் பக்கங்களில் இறைவனைக் குறிக்க ‘அல்லாஹ்’ என்ற சொல் இருந்தது. மலாய்மொழியில் வழிபடும் சபா, சரவாக் மக்கள் தலைமுறை தலைமுறையாக வழங்கும் சொல் அது. 1629-இல் அச்சான மலாய் மத்தேயு நற்செய்தியிலேயே உண்டு. 2009 சனவரியில் உள்துறை அமைச்சு உரிமத்தோடு இரண்டு நிபந்தனைகளை விதித்தது: அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது, இதழ் ஆலயங்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் மட்டுமே என்று காட்ட முன்பக்கத்தில் ‘தெர்ஹாட்’ என்று அச்சிட வேண்டும். அப்போதைய பேராயர் மர்ஃபி பாக்கியம் நீதிமன்றத்தை நாடினார்.

2009 டிசம்பர் 31 அன்று உயர் நீதிமன்ற நீதிபதி லாவ் பீ லான் திருச்சபைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். எட்டு நாளில், 2010 சனவரி 8 அன்று, தேசா மெலாவத்தியில் ஒரு தேவாலயம் தீக்கிரையானது. 2013 அக்டோபர் 14 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. அந்தச் சொல் கிறிஸ்தவ விசுவாசத்தின் பிரிக்க முடியாத கூறு அல்ல என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. 2014 சூன் 23 அன்று கூட்டரசு நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளில் நால்வர், மேற்கொண்டு முறையீடு செய்ய அனுமதி இல்லை என்றார்கள், மூவர் மாறுபட்டார்கள்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன அந்தக் காரணத்தைக் கவனியுங்கள். கிறிஸ்தவ விசுவாசத்துக்கு எது இன்றியமையாதது, எது இல்லை என்று அரசின் நீதிமன்றம் முடிவு செய்தது. 482-இல் சீனோ செய்ததும் அதுதான். இரண்டு இடத்திலும் சொல்லப்பட்ட நியாயம் பொது அமைதி. அமைதியைக் காப்பது அரசின் கடமை. அதற்காகக் கலவரக்காரர்களைக் கைது செய்யலாம், ஊர்வலத்துக்கு நேரம் குறிக்கலாம், இதழுக்கு உரிமம் கேட்கலாம். இவற்றுக்கெல்லாம் ஜெலாசியுசின் ஆயர்களைப் போலவே நாமும் கட்டுப்பட்டவர்கள். எதை நம்ப வேண்டும், எந்தச் சொல்லால் இறைவனை அழைக்க வேண்டும் என்பது அந்தப் பட்டியலில் வராது.

2014-இன் தொடக்கம் கிள்ளான் மக்களுக்கு நன்றாக நினைவிருக்கும். சனவரி 2 அன்று சிலாங்கூர் இஸ்லாமியச் சமயத் துறையான ஜாயிஸ், மலேசிய விவிலியச் சங்கத்தின் அலுவலகத்தில் புகுந்து 321 மலாய், ஈபான் விவிலியங்களை எடுத்துச் சென்றது. மலாய்த் திருப்பலிகளில் அந்தச் சொல் தொடரும் என்று சொன்னதற்காக ஹெரால்ட் ஆசிரியர் அருட்தந்தை லாரன்ஸ் ஆண்ட்ரூ மீது தேச நிந்தனைச் சட்டத்தின் கீழ் விசாரணை தொடங்கியது. சனவரி 5, ஞாயிற்றுக்கிழமை, ஜாலான் தெங்கு கிளானாவில் 1928-இல் கட்டப்பட்ட நம் லூர்து மாதா ஆலயத்தின் முன் ஆர்ப்பாட்டம் என்று பேச்சு பரவியது. பிள்ளைகளைத் திருப்பலிக்கு அழைத்துப் போகலாமா என்று தாய்மார்கள் யோசித்த காலை அது. அன்று ஆலயத்துக்கு வந்தவர்களில் கிறிஸ்தவர் அல்லாத மலேசியர்களும் இருந்தார்கள். இஸ்லாமியர்கள் கையில் பூக்களோடு வந்து, நாங்கள் உங்களோடு நிற்கிறோம் என்றார்கள். அவர்களுக்கு நம்மால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. அரசு எல்லை தாண்டினால் அது எல்லாச் சமயத்தவருக்கும் கேடு என்று அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். நம் பங்குகளிலோ, ஃபாதர் ஏன் அந்தப் பேச்சை எடுத்தார் என்ற முணுமுணுப்புதான் மிகுந்திருந்தது.

அந்த முணுமுணுப்பில் மறைந்திருந்த வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தமிழில் இறைவன், கடவுள், ஆண்டவர் என்று நமக்குச் சொற்கள் இருக்கின்றன. இது சபா, சரவாக் மக்களின் வழக்கு, நமக்கென்ன என்பது முதல் வாதம். மலேசியக் கிறிஸ்தவர்களில் பெரும்பான்மையினர் அந்த இரு மாநிலத்தவர். கிள்ளானின் தொழிற்சாலைகளிலும் துறைமுகத்திலும் வேலை தேடி வந்தவர்கள் நம் ஆலயங்களில்தான் மலாய்த் திருப்பலிக்கு வருகிறார்கள். ஒரே நற்கருணையைப் பகிர்ந்துகொண்டு, உன் செபம் உன் பாடு என்று சொல்லக் கத்தோலிக்கருக்கு உரிமை இல்லை.

சமயத்தையும் அரசையும் பிரிப்பது மேற்கத்தியச் சரக்கு, இந்த நாட்டுக்குப் பொருந்தாது என்பது இரண்டாவது. ஜெலாசியுஸ் எழுதியபோது இன்றைய ஐரோப்பிய நாடுகளில் ஒன்றுகூடப் பிறந்திருக்கவில்லை. அதைவிட, நம் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தைத் திறந்து பார்த்தால் போதும். 3-ஆவது பிரிவு இஸ்லாத்தைக் கூட்டரசின் சமயமாக அறிவிக்கிறது. பிற சமயங்களை அமைதியாகவும் இணக்கமாகவும் பின்பற்றலாம் என்றும் அதே வாக்கியத்தில் சொல்கிறது. 11-ஆவது பிரிவு ஒவ்வொருவருக்கும் தம் சமயத்தைப் பின்பற்றும் உரிமையையும், ஒவ்வொரு சமயக் குழுவுக்கும் தன் சமய விவகாரங்களைத் தானே நிர்வகிக்கும் உரிமையையும் தருகிறது. இஸ்லாமியரிடையே பிற சமயப் பிரசாரத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றலாம் என்றும் அங்கேயே இருக்கிறது. அதற்கும் நாம் கட்டுப்படுகிறோம். விடுதலைக்கு முன், அரசியலமைப்பை வரைந்த ரீட் ஆணையத்திடம் கூட்டணிக் கட்சி கொடுத்த மனு, இஸ்லாம் அதிகாரபூர்வச் சமயமாவதால் பிற சமயத்தவருக்கு எந்தத் தடையும் வராது, நாடு சமயச் சார்பற்றதாகவே இருக்கும் என்று உறுதி கூறியது. 1988-இல் தலைமை நீதிபதி சாலே அபாஸ் வழங்கிய தீர்ப்பும், நாட்டின் சட்டம் சமயச் சார்பற்றது என்றே கொண்டது. எல்லைக் கோடு நம் சட்டத்திலேயே போடப்பட்டிருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டுவது இந்நாட்டுக் குடிமகனின் கடமை.

மூன்றாவது வாதம் கனமானது. திருத்தந்தையர் அரசர்களை ஆட்டிவைக்க முயன்ற வரலாறு இருக்கிறதே, ஜெலாசியுசும் ஆயர்களின் சுமையே பெரிது என்றுதானே சொன்னார்? சொன்னார். ஏன் என்றும் சொன்னார். இறுதித் தீர்வையில் அரசர்களுக்காகவும் ஆயர்கள் கணக்குக் கொடுக்க வேண்டியிருப்பதால் சுமை பெரிது. பொறுப்பின் கனத்தை அவர் பேசினார். ஏழாம் கிரகோரியும், 1302-இல் எட்டாம் போனிஃபாசும் அந்தப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அரசரின் சட்டத்துக்கு ஆயர்களும் கட்டுப்பட்டவர்கள் என்ற மறுபாதியை ஒதுக்கினார்கள். திருச்சபை அதற்குக் கொடுத்த விலை அதிகம்.

ஜெலாசியுசையும் நான் குற்றமற்றவராகக் காட்ட மாட்டேன். உரோமையில் இருந்த மானிக்கேயர்களை அவர் வெளியேற்றினார், அவர்களுடைய நூல்களைப் பேராலய வாசலில் எரிக்கச் செய்தார் என்று திருத்தந்தையர் வரலாற்று நூல் பதிவு செய்திருக்கிறது. சிறுபான்மையினரின் மறைநூல் பறிபோவதன் வலி தெரிந்த நாம் அதை மூடி மறைக்கக் கூடாது. தான் பேசிய எல்லையை அவர் தன் கைக்குப் போடவில்லை. சமய உரிமை எல்லா மனிதருக்கும் உரியது என்று திருச்சபை முறைப்படி அறிவிக்க 1965 டிசம்பர் 7 வரை, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கடைசி நாட்கள் வரை, ஆனது. ஆகவே நாம் கேட்பது கத்தோலிக்கருக்கு மட்டுமான சலுகை என்றால், கேட்கும் தகுதியை இழந்துவிடுவோம்.

நான்காவது வாதம்தான் எல்லாரையும் வாயடைக்கச் செய்வது. பேசி என்ன கண்டோம்? வழக்குத் தோற்றது, ஆலயம் எரிந்தது. பேசாமல் இருந்திருந்தால் நிம்மதி. பேசாமல் இருந்த காலத்தின் கணக்கையும் பார்ப்போம். ‘அல்லாஹ்’ உள்ளிட்ட நான்கு சொற்களைத் தடைசெய்த உள்துறை அமைச்சின் சுற்றறிக்கை 1986 டிசம்பரிலேயே வந்துவிட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதை நீதிமன்றத்தில் யாரும் சோதிக்கவில்லை. அந்த மௌனத்தில் தடை தளரவில்லை, இறுகியது. 2008-இல் சரவாக்கின் மெலானாவ் பெண் ஜில் ஐர்லண்டிடமிருந்து அந்தச் சொல் இடம்பெற்ற எட்டுக் குறுந்தட்டுகளை விமான நிலையத்தில் பறிமுதல் செய்தார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். பதின்மூன்று ஆண்டு நடந்தது. 2021 மார்ச் 10 அன்று, 1986 சுற்றறிக்கை சட்டத்துக்கும் அரசியலமைப்புக்கும் புறம்பானது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் அரசு தன் மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றது. ஹெரால்ட் தோற்ற இடத்தில் ஒரு தனிப் பெண் வென்றார். எடுத்துச் சென்ற 321 விவிலியங்களும் 2014 நவம்பரில் சரவாக் திருச்சபைகள் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டன. கேட்டதால் கிடைத்தவை இவை.

அமைதிக்காக மௌனம் என்ற கோரிக்கை திருச்சபைக்குப் புதிதல்ல. 648-இல் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டன்ஸ், கிறிஸ்துவின் சித்தம் ஒன்றா இரண்டா என்ற விவாதத்தையே யாரும் எடுக்கக் கூடாது என்று ஆணையிட்டார். அடுத்த ஆண்டே இலாத்தரன் சங்கத்தைக் கூட்டித் திருத்தந்தை முதலாம் மார்ட்டின் அந்த ஆணையைக் கண்டித்தார். 653-இல் கைது செய்யப்பட்டு, கான்ஸ்டான்டிநோபிளுக்கு இழுத்துச் செல்லப்பட்டு, கிரிமியாவுக்கு நாடுகடத்தப்பட்டு, 655-இல் அங்கேயே இறந்தார். ஜெலாசியுசுக்குப் பேரரசர் தொலைவில் இருந்தார். துணிந்து எழுதுவது எளிது என்று ஒருவர் சொல்லலாம். மார்ட்டினுக்கு அந்தத் தொலைவு இல்லை. அவரைத் திருச்சபை புனிதராக வணங்குகிறது. வாய் மூடுவதுதான் போதனை என்றால் அந்த வணக்கத்துக்கு என்ன பொருள்?

இது கத்தோலிக்கரின் பிரச்சினை மட்டும் என்று எண்ணும் இந்துத் தமிழருக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. எவரெஸ்ட் குழுவில் இடம்பெற்ற மூர்த்தி 2005 டிசம்பரில் இறந்தபோது, அவர் மதம் மாறியவர் என்று சொல்லி உடலைச் சமயத் துறை உரிமை கோரியது. மனைவி காளியம்மாள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஷரியா நீதிமன்றத்தின் முடிவில் தலையிட அதிகாரம் இல்லை என்று அது கைவிரித்தது. 1988-இல் சேர்க்கப்பட்ட 121(1ஏ) பிரிவு அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. ஈப்போவைச் சேர்ந்த இந்திரா காந்தியின் மூன்று பிள்ளைகளை அவருக்குத் தெரியாமல் தந்தை மதம் மாற்றினார். இந்திரா ஓயவில்லை. 2018 சனவரி 29 அன்று, தாய், தந்தை இருவரின் சம்மதமும் இல்லாத மதமாற்றம் செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். அரச அதிகாரம் மனசாட்சியின் வாசலைத் தாண்டலாமா என்ற கேள்விதான் இரண்டிலும். லூர்து மாதா ஆலயத்தில் கேட்கப்பட்டதும் அதே கேள்வி.

எனவே நம் பங்குகளிடம் நான் கேட்பது குழப்பம் விளைவிக்கும் அரசியலை அல்ல. ஆலய முற்றத்தில் எந்தக் கட்சிக்கும் மேடை வேண்டாம். தேர்தல் நேரத்தில் வேட்பாளருக்குப் பீடத்தின் முன் மாலை போடவும் வேண்டாம். அரசு எல்லை மீறக் கூடாது என்று கேட்கிற நாம், நம் எல்லையையும் காக்க வேண்டும். முஸ்லிம் அல்லாதார் வழிபாட்டுத் தலங்களுக்கு அரசு தரும் மானியத்தை வாங்கலாம், அது நம் வரிப்பணமும்தான். அதோடு மௌனத்தையும் சேர்த்து வாங்க வேண்டாம். மறைக்கல்வி வகுப்பில் பத்துக் கட்டளைகளோடு 3, 11-ஆவது பிரிவுகளையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பௌத்த, கிறிஸ்தவ, இந்து, சீக்கிய, தாவ் சமயங்களின் ஆலோசனை மன்றம் 1983 முதல் இருக்கிறது. அது ஓர் இந்துத் தாய்க்காகக் குரல் கொடுக்கும்போது நம் அன்பியங்களும் கையெழுத்திடட்டும். சுராவ் கட்ட இடம் கேட்டு நிற்கும் தொழிலாளியின் உரிமைக்கும் நாம் பேச வேண்டும்.

சீசருக்குரியதைக் கொடுக்கச் சொன்ன அதே வாக்கில், கடவுளுக்குரியதைக் கடவுளுக்குக் கொடுக்கவும் இயேசு சொன்னார். முதற்பாதியை நம் பெற்றோர் குறைவின்றி நிறைவேற்றினார்கள். வரி கட்டினார்கள், சாலை போட்டார்கள், இந்த நாட்டை உழைப்பால் எழுப்பினார்கள். இரண்டாம் பாதி நம் தலைமுறையின் கடன். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, நீதிமன்றத்தில், திறந்த குரலில் அதைச் செலுத்துவோம். அந்தக் கடனிலிருந்து நம்மை விடுவிக்கும் அதிகாரம் எந்த அச்சத்துக்கும் இல்லை.